பார்க்க முதலே போன பதில்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைக்காமல் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் எனக்கு வாய் வராது. உம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

கொழும்பில் நான் சுகம், களைப்புத்தான். அலுவலக இணையதளத்தில் லீவு கேட்கும் படிவத்தை நான்தான் செய்தேன். ‘அனுப்பு’ பட்டனை அழுத்தினால், கோரிக்கை அதைப் பதிந்துகொள்ளும் மெதட்டுக்கு, அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல் பகுதிக்கு, போக வேண்டும். நானோ லீவை நிராகரிக்கும் மெதட்டுக்கு வழி எழுதிவிட்டேன். லீவு கேட்ட எல்லோருக்கும் உடனே மறுப்புப் போனது.

“ஒருத்தரும் பார்க்க முதலே பதில் போயிட்டே, புள்ள!” என்று கூட வேலை செய்யும் ஜெனூபா சிரித்தாள். ஒரு வரியைத் திருத்தியதும் சரியாகிவிட்டது. பயப்படாதீர்கள்.

கல்முனை பஸ்ஸில் யாராவது வந்தால் கொஞ்சம் மாசிச் சம்பல் கொடுத்தனுப்புங்கள்.

இன்னொன்று, வாப்பா. என்னைப் பெண் கேட்டு வந்த இறக்காமத்து வீட்டாருக்கு, என்னிடம் கேட்க முதல் ‘ஓம்’ சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
ஸில்மியா