மறைக்காமல் விட்ட பெயர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் கிணற்றில் அள்ளிய வாளித் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. எங்கள் வேலிக்குப் பின்னாலுள்ள வளவில் பிரகலாதன் லொறி கழுவத் தொடங்கியதிலிருந்து இதே கதைதான். பிரதேச சபைக்கு முறைப்பாடு கொடுத்து ஒரு மாதமாகிறது. ஒருவருக்கும் சொல்லாமல்தான் கொடுத்தேன். என் கணவர் வேலைக்காகக் கட்டாரில். வீட்டில் நானும் மகள் லவீனாவும் மட்டும். பயமில்லாமல் இருக்குமா?

மார்ச் 6, வியாழன்

சபையிலிருந்து போன். தகவல் அலுவலர் ஜெனிற்றா.

"அக்கா, உங்கடை முறைப்பாட்டின்ரை பிரதியைப் பிரகலாதன் எண்டவர் தகவல் உரிமைச் சட்டத்திலை கேட்டிருக்கிறார். உங்கடை பெயரைக் குடுக்கச் சம்மதமோ?"

"வேண்டாம் தங்கச்சி. பொம்பிளைப் பிள்ளையோடை தனிய இருக்கிறன்."

"அப்ப பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாத்தையும் கறுப்பு மையாலை மறைச்சுத்தான் குடுப்பன். பயப்பிடாதேங்கோ."

நல்ல பிள்ளை. ஆனால் பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? போன வருடம் லொறியை மறித்துக் கதைத்த ஒருவரின் வாசல் படலையை லொறியாலேயே இடித்தவன் அவன். பிறகு கேட்டால், பிறேக் பிடிக்கவில்லையாம்.

மார்ச் 10, திங்கள்

லவீனா ரியூசன் முடிந்து வரக் கொஞ்சம் பிந்தினாலும் படலைக்குள் நின்று ரோட்டை எட்டிப் பார்க்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

அவன் கைக்குப் பிரதி போய்விட்டது. கடையில் நாலு பேருக்குக் காட்டினானாம். பெயர் இல்லை, விலாசம் இல்லை. முதல் வரி மட்டும் அப்படியே இருக்கிறதாம்: "இலுப்பையடிப்புலத்திலுள்ள எமது கிணற்றில்..."

காணியின் பெயர்! ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்தேன்.

"அது ஊர்ப் பெயரெண்டு நினைச்சு விட்டிட்டன் அக்கா. நான் ரவுணிலை பிறந்து வளந்தனான்."

அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளை ஏசி என்ன? எங்கள் ஊரில் ஆளின் பெயர் தெரியாதவனுக்கும் காணியின் பெயர் தெரியும். அதைப் போய் எழுதினேனே - என்ரை புத்தியைச் செருப்பாலை அடிக்க வேணும்.

இலுப்பையடிப்புலத்தை இரண்டாகப் பிரித்து விற்றார்கள். ஒன்று எங்களுடையது, மற்றது பக்கத்து வீட்டு இராசமலர் அக்காவுடையது; கிணறு பொது. இரண்டு காணி உறுதியிலும் ஒரே பெயர். அவன் எந்தப் படலைக்கு வருவான்?

மார்ச் 19, புதன்

அக்கா வீட்டுக்குத்தான் போனான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"பெட்டிசம் போட்டது நீங்களோ?"

அந்த மனுசிக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் எண்டு போய்ச் சொல்ல வேணும். முருகா, நான் போகேல்லை.

"ஓம், நான்தான் போட்டன்," என்றார் அக்கா. "எங்கடை கிணத்திலை உன்ரை ஒயில் மிதக்குது. நீ என்ன செய்யப்போறாய்?"

"பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயம் இராது.

மார்ச் 20, வியாழன்

விடியப் பார்த்தால் அக்காவின் படலை தூணோடு விழுந்து கிடக்கிறது. மண்ணில் பெரிய ரயர் அடையாளம். போய் அவர் கையைப் பிடித்தேன். அழுகைதான் வந்தது.

"எனக்குத் தெரியும் பத்மாசினி. நான் எழுதேல்லையெண்டால் பிறகு நீதானே எழுதியிருப்பாய். குமர்ப்பிள்ளையோடை தனிய இருக்கிறாய். எனக்கு மனுசன் இருக்கிறார், ரண்டு பொடியளும் இருக்கிறாங்கள்."

"உங்கடை படலை அக்கா..."

"படலையைத் திருப்பிப் போடலாம். கிணத்தை என்ன செய்யிறது? ரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணிதானே."

நான் வெட்கத்தில் குனிந்து, விழுந்த தூணின் ஒரு நுனியைத் தூக்கினேன்.

மார்ச் 21, வெள்ளி

அக்காவும் நானும் பஸ்ஸில் சபைக்குப் போனோம். கிணற்றையும் படலையையும் சேர்த்துப் புதிதாக ஒரு முறைப்பாடு. ஜெனிற்றா குரலைத் தாழ்த்தி, "ஆரும் கேட்டால் பெயரை மறைக்கவோ அக்கா?" என்றாள்.

"வேண்டாம் தங்கச்சி. முறைப்பாட்டிலை முதல் பெயர் என்ரை," என்றேன்.

வீட்டுக்கு வந்து படலையைப் பூட்டினேன். பிறகு, திரும்பத் திறந்து வெளியே வந்து, லவீனா வரும்வரை ரோட்டிலேயே நின்றேன்.