தகராறு எழுத்து

மார்ச் 4

இருபத்திரண்டு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். இன்று நான் பார்த்து அனுப்பிய அஞ்சலி அட்டையில் ‘ஆழ்ந்த இறங்கல்’! முதலாளி சிரித்தார்: “அண்ணே, அவரு என்ன பஸ்ஸுலயா போனாரு, இறங்குறதுக்கு?”

மனைவியின் மளிகைச் சீட்டைக்கூடச் சிவப்புப் பேனாவால் திருத்துகிறவன் நான். அவளுக்கு ர, ற எப்போதுமே தகராறு. இப்போது எனக்குமா?

மார்ச் 17

கண்ணாடி மாற்றியும் வலது கண்ணில் எழுத்து கலங்குகிறது. தலைவலி வேறு. காலையில் போட்ட எச்.ஐ.வி மாத்திரையை மறந்து மறுபடி போடப் போனேன். மனைவி கையைத் தட்டிவிட்டாள். ஒன்பது வருடமாக அந்த டப்பாவுக்கு அவள்தான் காவல்.

மார்ச் 20

கண்ணுக்குள் வீக்கமாம். கண் மருத்துவர் நேராக எனக்கு எச்.ஐ.வி வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். சிபிலிஸுக்கு ரத்தம் எடுத்தார்கள்.

போன வருடம் உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள் வந்தபோதே டாக்டரம்மா கேட்டார்: “வேற யார்கூடயாவது பழக்கம் உண்டா? எதுக்கும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க.” சேச்சே என்று எவ்வளவு ரோஷம் எனக்கு! கொடுக்காமலே வந்தேன். அச்சு மை ஒவ்வாமை என்று வீட்டில் சொன்னேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு வெளியூரில் தங்கிய அந்த நான்கு நாள் — எழுதவே கை கூசுகிறது.

மார்ச் 23

ரத்தத்தில் இருக்கிறது. முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுத்த நீரிலும்.

“எச்.ஐ.வி அடங்கித்தான் இருக்கு. இது வேற கிருமி, கண்ணுக்கும் மூளைக்கும் போயிருக்கு. பதினாலு நாள் இங்கேயே தங்கணும், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நரம்புல பெனிசிலின். கிருமி போயிடும். பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது.” பிறகு டாக்டரம்மா மெதுவாக: “உங்க மனைவிக்கும் பரிசோதனை பண்ணணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு முறை மன்னித்தாள். அன்று அவள் கேட்டது ஒன்றுதான்: “இனிமே பொய் மட்டும் வேணாம்.”

மார்ச் 24

சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். “அந்தப் புள்ளிக்கெல்லாம் நான்தானே களிம்பு தடவினேன்?” என்றாள். அவ்வளவுதான்.

ச்சீ, நானெல்லாம் ஒரு மனுசனா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இனிமே அவளைப் பாக்குறது?

மார்ச் 28

அவளுக்குத் தொற்று இல்லை. நர்ஸ்தான் சொன்னார். அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது டப்பாவில் மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்துப் போட்டு நர்ஸிடம் கொடுத்திருக்கிறாள்.

ஏப்ரல் 7

கடைசி ஊசியும் முடிந்தது. வீடு பூட்டிக் கிடந்தது.

மே 12

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். நானே போய்த் தேதி வாங்கி வந்தேன்.

அச்சகத்திலிருந்து திரும்பினால் மேசைமேல் டப்பா நிரம்பியிருக்கிறது. தன் சாவியில் திறந்து வந்திருக்கிறாள். அடியில் ஒரு துண்டுச் சீட்டு: ‘மாத்திரை போடவும். ஞாயிறு வறுவேன்.’

இடது கண்ணை மூடிக்கொண்டு படித்தேன். ‘வறுவேன்’ — அந்த ‘று’ கொஞ்சமும் கலங்கவில்லை.

வறுக்கட்டும். நன்றாக வறுத்தெடுக்கட்டும்.

சிவப்புப் பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.