குச்சி காட்டிய நம்பர்

சாணார்பட்டி,
பங்குனி 9.

அன்பு மகன் மதியழகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் வலது காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்க நம்ம அங்காளம்மன் துணை இருப்பாள். இருபது நாளாக எங்கள் போனை நீ எடுக்காததால்தான் இந்தக் கடிதம். உன் ரூமில் தங்கும் பேகம்பூர் ரிஃபாத் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை தம்மாமுக்குக் கிளம்புகிறானாம், பருப்புப்பொடியோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தைக் கட் பண்ண முடியாது பார்.

அப்பாவுக்கு மாவுக்கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு மாசம் ஆகுமாம். அவர் படுத்துக்கிடந்து நீ பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. நம்ம குட்டியானை வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது, பூக்காரர்கள் வேறு வண்டியில் மூட்டை ஏற்றுகிறார்கள், அந்த வண்டி வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். சாப்பாடு தட்டில் அப்படியே இருக்கிறது, தொட்டுக்க வெஞ்சனம் மாற்றி வைத்தாலும் தொடுவதில்லை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை அப்பு.

அன்றைக்குத் தேங்காய் லோடோடு போகும்போது எரியோட்டுக்கு இந்தப் பக்கம் பின் டயர் வெடித்து வண்டி சாய்ந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வலி தாங்காமல், நீ வாங்கிக் குடுத்த சாமானை நம்பித்தான்டா இப்பிடிக் கெடக்கேன் என்று போனில் அவர் கத்தியதும் நீ மறந்திருக்க மாட்டாய். நீ அனுப்பிய கேஜ், பேனா மாதிரி இருக்குமே, டயரில் வைத்து அமுக்கினால் பின்னால் வெள்ளைக் குச்சி நீண்டு காற்று எவ்வளவு என்று நம்பர் காட்டுமே, அதைத்தான் சொன்னார். மலிவுச் சாமான் வாங்கி அப்பா காலை ஒடித்துவிட்டேன் என்று நீ அங்கே புழுங்கிக்கொண்டிருப்பாய். உன் குணம் எனக்குத் தெரியாதா.

அந்தச் சாமான் மேல் குற்றமில்லை. வந்த புதிதில் பஞ்சர் கடை செபஸ்தியான் தன்னுடைய பெரிய டயல் கேஜோடு வைத்துப் பார்த்து, ஒரு பாயின்ட்தாண்ணே வித்தியாசம், பங்க்குல இருக்கிற மிஷினே நாலு பாயின்ட் தப்பாக் காட்டுது, இம்புட்டுக்காணு சாமான் பரவாயில்லையே என்றான். அன்றைக்கு முழுக்க உங்கப்பா சட்டைப் பையில் அதைக் குத்திக்கொண்டு திரிந்தார், மகன் அனுப்பினான் என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார். பிறகு ஐப்பசியிலிருந்து செபஸ்தியான் காற்றடிக்கும்போதெல்லாம், போதும்ணே, என் கேஜுல காத்து அதிகமாக் காட்டுது என்பானாம். என் மகன் குடுத்தது பொய் சொல்லாது, நீ அடி என்பாராம் இவர். டயர் நடுவில் மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகி, ஓரமெல்லாம் புதிதாக இருந்ததாம், அது காற்று கூடிப்போனதன் அடையாளமாம். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும்.

போன வாரம் செபஸ்தியான் நம்ம வண்டியிலிருந்த சாமான்களை, அந்தக் கேஜையும் சேர்த்து, கொண்டுவந்து கொடுத்தான். வாசலில் நின்ற உன் அப்பாவின் பழைய மொபெட்டில் இரண்டு கேஜையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். அவனுடையது முப்பது காட்டிய டயரில் நம்முடையது இருபத்திரண்டில் நின்றுவிட்டது. குச்சியை இழுத்துத் தட்டினான், உள்ளங்கையில் மஞ்சளாகப் பொடி விழுந்தது. என்னமோ அடைச்சிருக்குக்கா, குச்சி முழுசா வரல என்றான். ஆயுத பூசை அன்று ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்தபோது, நீ அனுப்பியதாயிற்றே என்று அதற்கு மட்டும் இரண்டு முனையிலும் அள்ளிச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தது நான்தான். குச்சி வருகிற ஓட்டையில் அது இறங்கிக் காய்ந்திருக்கிறது. உன் கையும் இல்லை, கடைக்காரன் கையும் இல்லை, என் கைதான் அப்பு.

செபஸ்தியான் துடைத்துக் கொடுத்துவிட்டான், இப்போது பழையபடி ஒரு பாயின்ட்தான் வித்தியாசம். இதை உங்கப்பாவிடம் சொல்லத் தினமும் கட்டில் பக்கத்தில் போய் நிற்கிறேன். வாயைத் திறந்தால் தண்ணி வேணுமா என்றுதான் வருகிறது. அவர் திட்டுவார் என்று பயமில்லை, திட்டினால்கூட நன்றாக இருக்கும். மகனை அநியாயமாகப் பேசிவிட்டோம் என்று அந்த மனுஷன் இன்னும் ஒடிந்துபோவாரே என்று கிடக்கிறேன். பய பேசுனானா என்று பொழுது விடிந்தால் கேட்கிறார், டூட்டியாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மற்ற சாமான்களோடு கட்டில் பக்கத்தில் வைத்த கேஜைக் காணோம், கோபத்தில் தூக்கி எறிந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். நேற்றுப் படுக்கை விரிப்பு மாற்றும்போது பார்த்தேன், தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

வெயிலில் வேலை செய்யும்போது தலையில் துணி கட்டிக்கொள், தண்ணீர் நிறையக் குடி. அம்மன் புண்ணியத்தில் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருப்பாய். மறக்காமல் வருகிற வெள்ளிக்கிழமை உன் லீவு நாளில், நம்ம ஊர் நேரம் பத்து மணிக்கு அப்பா நம்பருக்கே போன் போடு. கேஜைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம், சாப்ட்டீங்களாப்பா என்று மட்டும் கேள். நான் பக்கத்திலேயே நிற்பேன். நீ லைனில் இருந்தால் எனக்கு வாய் வந்துவிடும்.

இப்படிக்கு,
சந்தனம் வைத்த உன் அம்மா,
சோ. பொன்னழகு.