அண்ணாந்து பார்க்கச் சொன்ன பலகைகள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், இருக்கவும் வேண்டும். மனதளவில் நான் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நீதான், அதனால் நலம் விசாரிப்பதை இதோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாமே என்றார் அப்பா. போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் மீதியை நீயே முடித்து, புரியுதும்மா புரியுதும்மா என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும். எழுதி முடித்ததும் அப்பா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார். கையெழுத்து புரியவில்லை என்று மட்டும் சாக்கு சொல்லாதே, இதே கையெழுத்தில்தான் உனக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேன்.

நேற்று மத்தியானம் எங்கள் கண் ஆஸ்பத்திரி மேனேஜர் நான் உட்காருகிற விசாரணை கவுண்டருக்கே வந்தார். எப்போதும் உர்ரென்று இருக்கிற மனுஷன் வாயெல்லாம் பல்லாக, நீங்க பெருமையாச் சொல்லுவீங்களே, உங்க பெரிய பொண்ணுக்கு எழுதிக் கேட்டேன், ஒத்துக்கிட்டாங்கம்மா, வழிகாட்டிப் பலகை எல்லாத்தையும் புதுசா அவங்களே செஞ்சு தர்றாங்களாம், திங்கட்கிழமை மீட்டிங்ல வீடியோவில வர்றாங்க என்றார். நம்பிக்கை இல்லாமல் பார்த்தேனோ என்னவோ, நீ அனுப்பிய பதிலையே போனில் திறந்து காட்டினார். தங்கை இந்தத் தொழிலுக்குப் புதியவள், புதிதாக வருகிறவர்கள் பிரச்சினை என்ன என்று யோசிக்காமல் படம் போட ஆரம்பித்துவிடுவார்கள், இது சகஜம், நான் சரிசெய்து தருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏண்டி, அந்தப் பலகைகள் யாருடையவை? நீ அனுப்பியதில் அவள் கைவைத்துக் கெடுத்திருப்பாள் என்று நீயாகவே முடிவு கட்டிக்கொண்டாயா? ஒரு போன் போட்டு, என்னடி மாட்டினீங்க, ஒரு படம் எடுத்து அனுப்பு என்று கேட்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

முதலிலிருந்து வருகிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் வசதியாக மறந்துவிட்டாய் போலத் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் சேர்ந்ததும் பலகை செய்ய ஆள் தேடினார்கள், நான்தான் உன் தங்கை வாண்டுவின் பேரைச் சொன்னேன். அவள் அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அதுவரைக்கும் விசிட்டிங் கார்டும் கடைத் திறப்பு நோட்டீசும்தான். வேலை கைக்கு வந்த அன்றைக்கே கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்து நின்று பார்க்கவில்லை, பொழுதுக்கும் வழி சொல்லித் தொண்டை வற்றி வீட்டுக்கு வருகிற அம்மா ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறேன், என்னையும் கேட்கவில்லை. கண் ஆஸ்பத்திரி என்றால் கண், அவ்வளவுதான் அவள் யோசனை. ஒவ்வொரு அம்புக்குறியையும் கண் மாதிரி வரைந்து இமைமுடி வைத்தாள். நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, இமை நீட்டி ஒன்று, இமை சுருட்டி ஒன்று, எது நல்லாயிருக்கு எது நல்லாயிருக்கு என்று எங்கள் பிராணனை வாங்கினாள். எல்லாம் ஒரே கண்தான், சட்டை மட்டும் வேறே. கழிவறைக்கு வழிகாட்டுகிற அம்புகூடக் கண்ணடித்தது. நான் சிரித்துவிட்டேன், அவளுக்கு மூக்குக்கு மேலே கோபம். சரி, அக்காவிடம் காட்டு, அவள் இதிலேயே ஊறியவள், எங்கே தப்பு என்று சொல்லுவாள் என்று அனுப்பச் சொன்னவள் நான்.

நீ என்ன செய்தாய்? இது டிசைன் இல்லை, அலங்காரம் என்று ஒரு வரி. அதைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு, உண்மையும்கூட. அதோடு நின்று, இதை யார் பார்க்கப் போகிறார்கள், எங்கே நின்று பார்ப்பார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அவள் யோசிக்க ஆரம்பித்திருப்பாள். நீயோ மறுநாளே முழு வேலையையும் முடித்து அனுப்பிவிட்டாய். முன்பு ஒரு மியூசியத்துக்குச் செய்து பரிசு வாங்கினாயே, அதே வெளிர் சாம்பல் பலகை, அதே மெல்லிய வெள்ளை எழுத்து, கூரையிலிருந்து கம்பியில் தொங்குகிற அதே அமைப்பு. பேர்களை மட்டும் மாற்றியிருந்தாய். ஒரு எழுத்தைக்கூட நகர்த்தாதே என்று எச்சரிக்கை வேறு. அவள் நகர்த்தவில்லை. அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், மாட்டிய அன்றைக்கு நானே வாயைப் பிளந்து பார்த்தேன்.

எனக்கு ஆத்திரம் எதனால் தெரியுமா? உனக்குத் தெரியாது என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். போன தடவை லீவுக்கு வந்தபோது பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற மெஷினுக்கு நீ வேலை செய்துகொண்டிருந்தாய். சாப்பாட்டு மேஜையில் வெறும் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், ஒரு கோடு போடவில்லை. போன்மேல் போன், எல்லாம் கேள்விகள். கையில் பை இருந்தால் எந்தக் கையால் தொடுவார்கள், பின்னால் வரிசை நெருக்கினால் நின்று படிப்பார்களா, மழையில் விரல் நனைந்திருந்தால் என்ன ஆகும் என்று. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன உன் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து, ஏறும்போது ஜனங்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று நீ கேட்கக் கேட்க அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. இதற்கா சம்பளம் தருகிறார்கள் என்று நான் கேட்டேன். அம்மா, படம் போடறது கடைசி வேலை, எங்க வலிக்குதுன்னு கண்டுபிடிக்கறதுதான் முதல் வேலை, வேலை கொடுக்கறவங்க காட்டற இடத்துல பெரும்பாலும் வலி இருக்காது என்றாய். அதை நான் கவுண்டரில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முன்பின் தெரியாத பஸ் பயணிகளுக்காக அத்தனை கேள்வி கேட்டவள், சொந்தத் தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் கேட்கத் தெரியாமல் கேட்கவில்லை. நீ கேட்கத் தேவையில்லை என்று கேட்கவில்லை. எது மோசம் என்று நீயே சொல்லு.

பலகை மாட்டின பிறகு என் கவுண்டரில் கூட்டம் குறையும் என்று பார்த்தால் இரண்டு மடங்கானது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முதலில் சொட்டு மருந்து விடுவார்கள், கண்ணின் பாவை விரிவதற்கு. விட்டுக் கொஞ்ச நேரத்தில் கிட்டத்தில் இருக்கிற எழுத்து கலங்கும், வெளிச்சம் ஊசி மாதிரி குத்தும். கையை நெற்றியில் குடை பிடித்துக்கொண்டு குனிந்தபடிதான் நடப்பார்கள். அவர்களைப் போய், டியூப் லைட்டுகளுக்கு நடுவில், தலைக்கு மேலே, சாம்பல் பலகையில் நூல் மாதிரி வெள்ளை எழுத்தைப் படி என்றால் எப்படிப் படிப்பார்கள்? அங்கே பலகை இருப்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஒருநாள் ரிட்டயர் ஆன தபால்காரர் ஒருவர், ஊரில் எந்த வீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தவர், கழிவறை என்று நினைத்துப் பின்பக்க மாடிப்படிக் கதவைத் திறந்து, உருண்டு மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நல்லவேளை, தலையில் அடி இல்லை. அவர் மகள் என் கவுண்டரில் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

இப்போது சொல்வதுதான் உனக்குத் தெரியாத பகுதி, நிதானமாகப் படி. மேனேஜர் வாண்டுவைக் கூப்பிட்டு விசாரித்தார், சிபாரிசு செய்தவள் என்பதால் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பெரிய டாக்டரம்மாவும் இருந்தார். இந்த டிசைன் யாருடையது, எதைப் பார்த்து இப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன், உன் தங்கை மேஜைக்கு அடியில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். என்னோடதுதான் சார், நான் வந்து பார்க்கலை, தப்பு என்மேலதான் என்றாள். அவர் பேசிய பேச்சையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் ஏண்டி இப்படிச் சொன்னே என்று சண்டை போட்டேன். அக்கா பேர் கெட்டா அவ கட்டின பேர் எல்லாம் போகும், எனக்கு என்ன பேர் இருக்கு போறதுக்கு என்றாள். அவளுடைய அந்தப் பேச்சுக்கு மேலேதான் நீ உட்கார்ந்துகொண்டு, புதியவர்கள் இப்படித்தான் என்று மேனேஜருக்குப் பாடம் எழுதியிருக்கிறாய்.

அதற்கப்புறம் அவள் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. ஒருநாள் எனக்கு மத்தியான சாப்பாடு கொண்டுவந்தவள் திரும்பிப் போகாமல் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் வந்தாள். டாக்டரம்மாவைக் கெஞ்சித் தன் கண்ணிலும் சொட்டு விட்டுக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து, இரண்டு தடவை என் கவுண்டரிலேயே முட்டிக்கொண்டாள். அப்புறம்தான் என்னிடம் வந்து, அம்மா, சொட்டு விட்டவங்க உன்கிட்ட வர்றப்ப எங்க பார்த்துக்கிட்டு வர்றாங்க என்று கேட்டாள். நான் தரையை என்றேன். எனக்கும் அவள் கேட்கும்வரை அது ஒரு சேதியாகவே தோன்றவில்லை. டாக்டரம்மா அனுமதியோடு, சொட்டு விடுகிற அறையிலிருந்து கழிவறை வரைக்கும் தரையில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டினாள், அவ்வளவுதான், அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. ஜனங்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். லிஃப்ட் பக்கத்தில் மட்டும் முட்டி மோதினார்கள், அங்கே நின்று பார்த்து, உரித்து, வேறு பக்கமாக வளைத்து ஒட்டினாள், இன்னும் சரியாக வரவில்லை. வரும் என்று நினைக்கிறேன், வராமலும் போகலாம், எனக்கு உங்கள் தொழில் தெரியாது. ஆனால் நம் சாப்பாட்டு மேஜையில் வெறும் பேப்பரோடு உட்கார்ந்திருந்த உன் முகம் அந்த வராந்தாவில் அவள் முகத்தில் இருந்தது, அது எனக்குத் தெரியும்.

நீ ஒத்துக்கொண்ட சேதி நேற்றே அவள் காதுக்கும் போய்விட்டது. சாயங்காலம் நான் கிளம்பும்போது பார்த்தால் வராந்தாவில் மண்டி போட்டு உட்கார்ந்து அந்த டேப்பை உரித்துக்கொண்டிருக்கிறாள். டாக்டரம்மா வந்து சத்தம் போட்டுத்தான் நிறுத்தினார், பாதி போய்விட்டது. அச்சகத்தில் பில் போடுகிற சீட் ஒன்று காலியாக இருக்கிறதாம், அடுத்த மாசத்திலிருந்து அதற்குப் போகிறாளாம், முதலாளியிடம் பேசியும் விட்டாளாம். நான் ஏதாவது சொன்னால் அக்கா செஞ்சா சரியா இருக்கும்மா என்கிறாள். அப்பா வழக்கம் போல உன் கட்சி, யானைக்கும் அடி சறுக்கும், பெரியவளை ரொம்பத் திட்டாதே என்கிறார். யானை சறுக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சறுக்கின யானை பக்கத்தில் நின்ற குட்டிமேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடியும் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு வந்தால் எனக்குக் கோபம் வராதா?

அதனால் நான் சொல்வதைச் செய். திங்கட்கிழமை வீடியோவில் வா, வரமாட்டேன் என்று ஒளிந்துகொள்ளாதே. அந்தப் பலகைகள் என்னுடையவை, என் தங்கை ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, நான் கேட்காமல் செய்தேன் என்று மேனேஜர் காதிலும் டாக்டரம்மா காதிலும் விழுகிற மாதிரி உன் வாயால் சொல். இந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை, அவளே முடிக்கட்டும் என்று சொல். உண்மையை நானே சொல்லிவிட ஒரு நிமிஷம் போதும், அவள் பிடித்த கைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் அவளுக்குப் போன் போடு. விடை எதுவும் சொல்லாதே, படம் எதுவும் அனுப்பாதே, வாய் துறுதுறுவென்றால் நாக்கைக் கடித்துக்கொள். லிஃப்ட் பக்கத்தில் ஏன் முட்டிக்கொள்கிறார்கள் என்று மட்டும் கேள். அவள் பதில் சொல்லி முடிக்கிறவரைக்கும் பேசாமல் இரு.

வேறே சேதி என்ன, அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, டாக்டர் நடக்கச் சொன்னதற்குப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தித் தினமும் துடைக்கிறார், ஏறுவதில்லை. குளியலறைக் குழாய் ஒழுகினது நின்றுவிட்டது. பேரனுக்கு முன்பல் விழுந்த படம் பார்த்தேன், அந்தச் சிரிப்பைப் பார்த்த பத்து நிமிஷம் மட்டும் உன்மேல் கோபம் இல்லாமல் இருந்தது. மாப்பிள்ளையை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லு, நீயும் சாப்பிடு. உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், உன் கையும் கண்ணும் உனக்கு என்றைக்கும் துணை இருக்கட்டும்.

கண் என்றதும் ஞாபகம் வருகிறது. தலைவலி, கண்ணாடியை மாற்றணும் என்று இரண்டு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், இன்னும் போகவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். திங்கட்கிழமைக்கு முன்னாலேயே போய்ப் பரிசோதனை செய்துகொள். சொட்டு விட்டதும் துணைக்கு யாரையும் வைத்துக்கொள்ளாமல் எழுந்து வராந்தாவில் நட. உன் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்த்து, அதை எனக்கு எழுதாதே, உன் தங்கைக்கு எழுது.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா