லியோவுக்கு ரெண்டு விசில்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்தே அனல் காற்று. தொட்டியில் தண்ணீர் பாதிதான். மோட்டார் போட வேண்டும்.

லியோ சிமெண்ட் தரையில் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு படுத்திருக்கிறது. நாக்கு வெளியே. கோலி இனமாம், குளிர் நாட்டில் ஆடு மேய்க்கிற நாயாம். மாப்பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். பெங்களூர் ஃபிளாட்டில் கைக்குழந்தையோடு இந்தக் குட்டியையும் சமாளிக்க முடியவில்லை. போன வாரம் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். "நீங்க தனியா தானப்பா இருக்கீங்க" என்றாள் மகள்.

தனியாக இருப்பது யாரால்? குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு போனது தை மாதம். கொஞ்ச நாள்தான் என்றார்கள். இப்போது வைகாசி முடியப்போகிறது. பெண்டாட்டியை எடுத்துக்கொண்டு மீதிச் சில்லறையாக நாயைக் கொடுத்திருக்கிறார்கள்.

வாங்க: தயிர், முட்டை, லியோவுக்கு நனைத்துப் போட சாக்கு, பூச்சி மருந்து. எனக்கு மாத்திரை.

ஜூன் 10, செவ்வாய்

கால்நடை ஆஸ்பத்திரி. ஊசி ஆயிற்று. வெயிலுக்கு முடியை மழித்துவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாதாம். அந்த முடிதான் வெயிலையும் தடுக்குமாம். பழக்குவதை இப்போதே ஆரம்பியுங்கள் என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஆரம்பித்தேன். மகள் இங்கிலீஷில் சொல்லச் சொல்லியிருந்தாள். சிட். ஸ்டே. கூச்சமாக இருந்தது. தமிழில் சொன்னாலும் காதை ஆட்டிக்கொண்டு என் வாயையே பார்க்கிறது. கண்டக்டராக இருந்த காலமெல்லாம் நான் வாயால் சொன்னதை யார் கேட்டார்கள்? விசிலுக்குத்தான் மரியாதை. பீரோவில் தேடி எடுத்தேன். துடைத்தேன்.

ஒரு விசில்: நில், அப்படியே உட்கார். ரெண்டு விசில்: ஓடி வா. சரியாகச் செய்தால் ஒரு துண்டு முட்டை.

ஜூன் 13, வெள்ளி

பிடித்துக்கொண்டது! ஒரு விசிலுக்குச் சிலை மாதிரி உட்காருகிறது. ரெண்டு கொடுத்தால் கொல்லைக் கோடியிலிருந்து பறந்து வருகிறது. வந்த வேகத்தில் என்னையே தள்ளிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். இந்த வீட்டில் என் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

மல்லிகா போன். சொன்னேன். "நாய்க்குக்கூட விசிலா? என்னையும் அப்டித்தான கூப்டுக்கினு இருந்தீங்க" என்றாள். ஆடிக்காவது வருகிறாயா என்றேன். குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள். எனக்கு அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வருகிறது. ஹாலுக்கு வந்தால் சுற்றிச் சுற்றி வந்து மூக்கால் தள்ளி நாற்காலிப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மந்தை சேர்க்கிற புத்தி. மந்தையே நான் ஒருவன்தான், பாவம்.

ஜூன் 16, திங்கள்

காலையில் பேப்பர் எடுத்துவிட்டு கேட்டைத் தாழ்போட மறந்துவிட்டேன். எதிரே பஸ் ஸ்டாப். கச்சிராயபாளையம் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு ரெண்டு விசில் கொடுத்தது. லியோ பறந்தது. ரோட்டுக்கு நடுவில். டெம்போக்காரன் போட்ட பிரேக்கில் வண்டி குறுக்கே திரும்பி நின்றது. மயிரிழை.

ஸ்டாப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் காதர் பாய்தான் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். "இன்னா கண்டக்டரே இப்டி பழக்கி வச்சிருக்கீங்க? நாள் பூரா இங்க பஸ்ஸு வந்துகினும் போயிக்கினும் கெடக்குது. எது உங்க விசிலு, எது அவங்க விசிலுன்னு இதுக்கு எப்டி தெரியும்?"

தெரியாதுதான். எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும். பஸ் விசில் என் காதில் விழுவதே இல்லை, அவ்வளவு பழகிப்போயிற்று. வேறு எவனும் நாய்க்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டான்.

ஜூன் 19, வியாழன்

கட்டிப்போட்டிருக்கிறேன். ஒவ்வொரு ரெண்டு விசிலுக்கும் சங்கிலியோடு எகிறுகிறது. கழுத்து இறுகி இருமுகிறது. பிறகு என்னைப் பார்க்கிறது, கூப்பிட்டாயே என்று.

விசிலை விட்டுக் கைதட்டலுக்கு மாற்றப் பார்த்தேன். கைதட்டினால் வாலாட்டுகிறது. பஸ்ஸுக்குத்தான் எழுகிறது. கதவைச் சாத்தி வைத்தால் புழுக்கத்தில் மூச்சு வாங்குகிறது. கழுத்தில் முடி போய்ச் சிவந்திருக்கிறது. மஞ்சள் வைத்தேன். கையை நக்கிற்று.

ஜூன் 20, வெள்ளி

மலைக்குப் போன் போட்டேன். சின்னசாமி. வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம், ரோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே வீடு. ஆடு வைத்திருக்கிறார். என் பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தவர். லியோவை வைத்துக்கொள்வாரா என்று கேட்டேன். "குடுங்க கண்டக்டரே. இங்க சில்லுனு இருக்கும். எங்க வூட்டுக்கு விசிலு எங்க கேக்கப்போவுது?"

சும்மாதான் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று பேச்சு.

மல்லிகாவிடம் சொன்னேன். "அப்ப நீங்க?" என்றாள். "எனக்கென்ன" என்றேன். போனை வைத்த பிறகு அழுதுவிட்டேன். லியோ வந்து மூக்கால் தள்ளியது.

ஜூன் 22, ஞாயிறு

மலை மேல் மேகம். லேசான தூறல். குமாரின் பஸ். நான் ரிட்டயரானதும் என் இடத்துக்கு வந்தவன். "நாயெல்லாம் ஏத்தக் கூடாதுண்ணே. நீங்கன்றதால" என்று கடைசி சீட்டுக்கு அனுப்பினான். வழியெல்லாம் ரெண்டு விசில் கேட்கும்போதெல்லாம் எழுந்து முன்காலை என் முழங்காலில் வைத்தது. பக்கத்தில்தானே இருக்கிறேன், முட்டாளே என்றேன்.

இறங்கிய ஸ்டாப்பில் சின்னசாமி, நாலைந்து ஆடுகளோடு. லியோ ஒருகணம் பார்த்தது. யாரும் சொல்லித்தரவில்லை. பதுங்கிப் பதுங்கிப் போய் ஒரு வட்டம் அடித்து ஆடுகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டது. "அட, பாருங்க கண்டக்டரே!" என்று சின்னசாமிக்கு வாயெல்லாம் பல். எனக்குப் பெருமை. அந்த ஆடுகள் மேல் பொறாமையும்.

வெள்ளிமலை போய்விட்டு பஸ் திரும்பி வந்தது. லியோவிடம் சொல்லிக்கொள்ளாமல் பின்பக்கம் ஏறினேன். குமார் வழக்கம்போல ரெண்டு விசில் கொடுத்தான். எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தது. சின்னசாமி கைக்கு அகப்படவில்லை. பின்சக்கரத்தை ஒட்டியே ஓடுகிறது. சின்னசாமியிடம் கொடுக்க என்று எடுத்துவந்த விசில் சட்டைப்பையில் இருந்தது. ஒன்று கொடுத்தேன்.

பஸ் நின்றது. அதுவும் நின்றது. ரோட்டோரம் ஈரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. முட்டைக்கு.

"இன்னாண்ணே, எறங்கறீங்களா?" என்றான் குமார்.

இறங்கினால் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். "இல்லடா. விசிலு அடிக்காத. வாயால சொல்லு" என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸின் தகரத்தில் மெல்லத் தட்டி, "போலாம்ணே" என்றான் டிரைவரிடம்.

திருப்பம் வரைக்கும் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. நான் பழக்கியபடியே உட்கார்ந்திருந்தது.