எழுத்தில்லாத லேபிள்

கில்காஸ், மே 6

என் கண்ணு நெலிடாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எழுத்துகள் மேட்டில் ஏறி இறங்கும் ஆடுகள் மாதிரி இருக்கின்றன, மன்னித்துக்கொள். தாள் என்னவோ கோடு போட்டதுதான், கைதான் கோட்டை மதிக்க மாட்டேன் என்கிறது. இந்த ஒரு கடிதத்துக்கு மூன்று மத்தியானம் ஆயிற்று. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய்.

நீ செய்த லேபிளை ஒட்டிப் பேருந்தில் அனுப்பிய காலிப் புட்டி உடையாமல் வந்தது. லேபிளில் இருந்ததை யார் உதவியும் இல்லாமல் நானே படித்தேன். "மக்காச்சோளப் புழுக்கொல்லி" என்று முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. ஆனால் அந்த ஊதாச் சோளக்கதிர் இருக்கிறதே! அறுபத்தெட்டு வயதில் அப்படி ஒரு கதிரை நான் முறித்ததில்லை. ஒவ்வொரு மணியிலும் பனித்துளி.

"யாரு வரைஞ்சது?" என்று உன் அம்மா கேட்டாள்.

"செயற்கை நுண்ணறிவுன்னு ஒண்ணு. நெலிடா சொல்லச் சொல்ல வரையுமாம். ஒரே மத்தியானத்துல நாப்பது லேபிள்."

"நாப்பதா! நடுவுல சாப்பிடக்கூட எந்திரிக்கலையா அது?"

பெருமை தாங்காமல் புட்டியை எழுத்து வகுப்புக்கு எடுத்துப் போனேன். நாங்கள் பதினொரு பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். இடைவேளையில் பிரிமித்திவோ புட்டியை எடுத்தான். மூடியைத் திறந்து, உள்ளங்கையில் தலைகீழாகக் கவிழ்த்து, நக்கப் போனான்.

"என்னண்ணே, ஒரு சொட்டுகூட வைக்கலையே! சிச்சா கொண்டாந்தா நாலு பேருக்கு ஊத்த வேண்டாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஊதா நிறம், ஊதாச் சோளம், பனித்துளி. நம் ஊரில் அது ஊதாச் சோளத்தைக் காய்ச்சிக் குளிர்வித்துக் குடிக்கும் சிச்சாதான், வேறென்ன? அவனுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. போன வருஷமாக இருந்தால் நானும் குடிக்கத்தான் பார்த்திருப்பேன். விஷம் என்று காட்ட ஒரு மண்டையோடும் லேபிளில் இருக்கிறது, மல்லி விதை அளவுக்கு.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே அம்மா. நடந்ததைச் சொன்னேன்.

உன் அப்பா
எலாதியோ போமா
(கையெழுத்துதான். பெருவிரல் ரேகை இல்லை!)

---

லிமா, மே 9

அன்புள்ள அப்பா,

உங்கள் கையெழுத்தில் முதல் கடிதம். முதலில் உங்கள் எழுத்தைப் பார்த்து அழுதேன். மறுபடி படித்தபோதுதான் புட்டியைக் கவிழ்த்து நக்கப் போனது உறைத்தது.

அந்த லேபிளை வாடிக்கையாளர் நாற்பதிலிருந்து தேர்ந்தெடுத்துவிட்டார். அலுவலகத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். வருகிற புதன்கிழமை அச்சு.

உங்களிடம் ஒன்றை மறைத்தேன். இங்கே வடிவமைப்பாளர்கள் ஐந்து பேர் இருந்தோம். இந்த யந்திரம் வந்த பிறகு மூவரை அனுப்பிவிட்டார்கள். நானும் ஃபிதேலும் மிச்சம். ஜூனிலிருந்து ஒருவர் போதும் என்கிறார் முதலாளியம்மா. அந்த ஒருவர் நான்தான் என்ற நம்பிக்கையே இந்த லேபிளால் வந்தது. இப்போது நானே போய் அது தப்பு என்று சொல்வதா?

பிரிமித்திவோ மாமா எப்போதும் கேலி பேசுகிறவர்தானே. இதையும் கேலிக்குத்தான் செய்திருப்பார், இல்லையா அப்பா?

உங்கள்
நெலிடா

---

கில்காஸ், மே 11

நெலிடா கண்ணு,

பேருந்து புறப்படுமுன் கொடுக்க வேண்டும், அதனால் சின்னக் கடிதம்.

பிரிமித்திவோ வீட்டுக்கே போய்க் கேட்டேன். "கேலியாவது ஒண்ணாவது, எனக்கு நாக்கு வறண்டு போச்சு. நீதான் கஞ்சன்" என்கிறான். சந்தையில் எழுத்துத் தெரியாத மூன்று பேரிடம் காட்டினேன். மூவரும் சிச்சா என்றார்கள். ஒருத்தி குழந்தைக்கு வேண்டும், எந்தக் கடையில் கிடைக்கும் என்றாள்.

உன் வேலை, உன் முடிவு. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டு என்று உன் யந்திரத்திடம் சொல்லிப் பார். போன வருஷம் வரைக்கும் நான் உலகத்தை அப்படித்தான் பார்த்தேன்.

அப்பா

---

லிமா, மே 16

அன்புள்ள அப்பா,

சொன்னேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுத்தை அழித்துக் கொடுத்தது. பார்த்ததும் எனக்கே தாகம் எடுத்தது.

செவ்வாய்க்கிழமை காலை அதை முதலாளியம்மா மேசையில் வைத்தேன். எடுத்துப் பார்த்தார்.

"அட, நல்லாருக்கே! யாரோட ஜூஸ் இது?" என்றார்.

"நாளைக்கு அச்சுக்குப் போற விஷம், மேடம்."

அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். "யார் கண்டுபிடிச்சது?"

"எங்க அப்பா. போன வருஷம் வரைக்கும் அவருக்குப் படிக்கத் தெரியாது."

அச்சு நின்றது. வாடிக்கையாளர் கத்தினார், பிறகு ஒரு வாரம் கொடுத்தார். "புதுசு அவருக்குப் பிடிக்கலைன்னா உனக்காக நான் பேச முடியாது, நெலிடா" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

நானும் யந்திரமும் உட்கார்ந்தோம். தாகம் வரக் கூடாது, பயம் வர வேண்டும் என்றேன். ஒரே நாளில் அறுபது போட்டது. ஐம்பத்தேழைத் தூக்கி எறிந்தேன் அப்பா! முன்பெல்லாம் மூன்று படம் வரைய மூன்று வாரம் ஆகும். கை வலிக்க வரைந்ததை எறிய மனசு வராது, சுமாராக இருந்தாலும் நல்லது என்று சாதிப்பேன். இப்போது எறிய எனக்குத் தைரியம் வந்திருக்கிறது.

மிச்சம் மூன்றையும் எழுத்து இல்லாமல் காலிப் புட்டிகளில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். என்ன புட்டி என்று சொல்லாமல் வகுப்பில் காட்டுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே போனில் சொல்லுங்கள்.

நெலிடா

---

கில்காஸ், மே 25

என் தங்கமே,

மூன்றாவது லேபிளையே எடுத்துக்கொண்டார்கள், உன்னையும் வைத்துக்கொண்டார்கள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து நான் நடக்கவில்லை, மிதக்கிறேன். ஃபிதேல் போகிறான் என்றபோது உன் குரல் இறங்கிப்போனதைக் கேட்டேன். நல்ல பிள்ளை. அவன் முகவரியை அனுப்பு, அவனுக்கும் உருளைக்கிழங்கு அனுப்புகிறேன்.

வகுப்பில் சொன்னதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். முதலாவது பெயின்ட், இரண்டாவது மாட்டு மருந்து, மூன்றாவதைத் தொடவே மாட்டேன் என்று பிரிமித்திவோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டது வரை. வீட்டில் நடந்ததைச் சொல்லவில்லை. அதை எழுதத்தான் ஆசை.

உன் அம்மா வகுப்புக்கு வர மாட்டேன் என்றவள் அல்லவா? அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது மூன்று புட்டியையும் பேசாமல் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே நின்று பார்த்தேன். முதல் இரண்டையும் நகர்த்திவைத்தாள். மூன்றாவதைக் கண்டதும் எழுந்தாள். கந்தல் துணியால் அதன் கழுத்தைப் பிடித்து, வாசலுக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாத சுவர்மேல் கொண்டுபோய் வைத்தாள். காலிப் புட்டி, நெலிடா! வந்து கையைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். உரித்த கிழங்கை எல்லாம் மறுபடி கழுவினாள்.

"எந்தப் பைத்தியம் இந்தக் கருமத்தைச் சோத்துக்குப் பக்கத்துல வச்சது?"

"உன் மக செஞ்சது" என்றேன்.

சுவர்மேல் இருந்ததை வெகுநேரம் பார்த்தாள். "அடேயப்பா" என்றாள். "ஒரு எழுத்து இல்லாம என்னைய எந்திரிக்க வச்சுட்டாளே."

அவள் இவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த வாரம் இன்னும் லேபிள் அனுப்பு என்கிறாள். அதோடு உன்னிடம் சொல்லச் சேதி நிறைய இருக்கிறதாம். நீ யந்திரத்துக்குச் சொல்வதைப் போல அவள் எனக்குச் சொல்வாள், நான் எழுதுவேன். ஆக, வருகிற வாரப் பேருந்தில் உனக்கு வரும் கடிதத்தில் கைதான் என்னுடையது, பேச்சு அவளுடையது.

உன் அப்பா
எலாதியோ போமா