பெர்சிக்குத் தெரிந்த ருசி

ஜூன் 14, 2025, சனி

கப்பலுக்கு மளிகை கொண்டுபோன நம் கடை வண்டி ஒரு பெட்டியோடு திரும்பி வந்தது. உறை கிழிந்திருக்கிறதாம், கப்பல் குக் வேண்டாமென்றுவிட்டான். உள்ளே சீஸ். நீலமாகப் பூசணம் பூத்திருந்தது. அப்படித்தான் இருக்கவேண்டுமாம். நாற்றம் குடலைப் பிடுங்கியது. இதைக் காசு கொடுத்துத் தின்கிறவனை என்ன சொல்ல?

சாயங்காலம் பெர்சி வந்தான். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டிய காலத்திலிருந்தே சனிக்கிழமை அவனுக்கு என் மொட்டைமாடிதான். நாக்குப் புற்றுக்கு ஆபரேஷன் செய்து, ரேடியேஷன் கரண்ட் வைத்ததிலிருந்து ருசி செத்துப்போய்விட்டது. மீன்குழம்பும் மண், சோறும் மண் என்கிறான். ஆள் பாதியாகிவிட்டான். பட்டினியிலேயே போய்விடுவானோ என்று எனக்குப் பயம்.

விளையாட்டுக்கு அந்தச் சீஸை நீட்டினேன். என் மகன் ஷாம் பெங்களூருவில் சின்ன ஆலை ஒன்றில் வாங்கி வந்த கறுப்பு பீரும் ஒரு வாய். எவர்சில்வர் டம்ளரில்தான். பக்கத்து மாடியில் எங்கள் சர்ச் கமிட்டிக்காரர் துணி காயப்போடுகிறார், பீர் என்று தெரிந்தால் வம்பு. பெர்சி மென்றான், என்னைப் பார்த்தான், கண்ணை மூடினான்.

“ஏலே, என்னமோ தெரியுது ல.”

ஜூன் 15, ஞாயிறு

அவனுக்கு ருசி தெரிந்ததாம். கோவிலில் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஜூன் 28, சனி

கொடைக்கானலிலிருந்து பஸ் பார்சலில் இரண்டு வகை வரவழைத்தேன். ஒன்று புகை போட்டது. இன்னொன்று மாதக்கணக்கில் வைத்துக் கட்டியாக்கியது, உப்புக்கல் மாதிரி நறநறவென்று கடிபடுகிறது. எதற்கு எந்த பீர் என்று ஷாமிடம் போனில் பாடம் கேட்டேன். புகைக்குக் கறுப்பு, லேசானதற்குக் கோதுமை பீர். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு படிப்பு.

“இது வறுத்த முந்திரி மாதிரி இருக்கு ல” என்று பெர்சி ஒரு கட்டியை முழுதாகத் தின்று தீர்த்தான். நான் வாயில் வைத்ததைத் துப்பிவிட்டேன். கருவாட்டுக்கு முகம் சுளிக்காதவன் நான், இது ஆகவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஆபரேஷன் அன்று அவன் பெண்டாட்டி கிளாடிஸ், இவர் பிழைத்தால் இனிக் குடியைத் தொடமாட்டார் என்று நாசரேத் ஊர்க் கோவிலில் பொருத்தனை செய்திருக்கிறாள். தெரிந்தேதான் ஊற்றுகிறேன். அவன் தின்கிறானே, வேறென்ன செய்ய?

ஜூலை 19, சனி

கறுப்பு பீர் பாட்டிலை அவன் முன்னால் வைத்தேன். டம்ளரில் ஊற்றக் கீழே கொண்டுபோய்த் திறந்தால் கேஸ் போயிருந்தது. பதிலுக்குக் கோதுமை பீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வந்தேன். மாற்றியதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

குடித்துவிட்டு, “கருக வறுத்த காப்பிக்கொட்டை ல. புகைச் சீஸுக்கு இதுதான் சோடி” என்கிறான்.

காப்பிக்கொட்டை கறுப்பு பீரின் ருசி, கோதுமை பீரில் ஏது? ஆரஞ்சுத் தோல் வாசம் அல்லவா வரவேண்டும்? பாட்டிலில் சரக்கை மாற்றி அடைத்துவிட்டான்கள் என்று ஷாமைப் போனில் பிடித்துத் திட்டினேன்.

ஆகஸ்ட் 4

ஸ்கேன் வந்துவிட்டது. மறுபடியும் புற்று, இந்தத் தடவை தொண்டையில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோவில் திருவிழாக் கூட்டத்தில் வண்டி போகாது என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு பெர்சி வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு கிளாடிஸ் முன்னால் நிற்க? பொருத்தனையை உடைத்தது நான்தானே.

ஆகஸ்ட் 9, சனி

போனேன். கேட்டிலேயே கிளாடிஸ் மறித்தாள். திட்டட்டும் என்று நின்றேன்.

“தங்கச்சி, நான்தான் குடிக்கக் குடுத்தேன். பொருத்தனைன்னு தெரிஞ்சும்...”

“தெரியும் அண்ணாச்சி. டம்ளர்ல குடிச்சா வாடை போயிருமா? அதை ஆண்டவர்ட்ட நான் பேசிக்கிடுதேன்.” குரலைத் தாழ்த்தினாள். “அவங்களுக்கு ஒரு ருசியும் தெரியலை. மொத நாளும் தெரியலை. நீங்க இப்படிக் கவலைப்பட்டு அலையுதீங்களேன்னு ருசி தெரியுதுன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுல ஒரு வாய் வைக்காத மனுசன் அங்கன வந்தாவது திங்காங்களேன்னு நானும் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்.”

படுபாவி. முந்திரியாம். காப்பிக்கொட்டையாம். நான் காட்டின கறுப்பு பீர் பாட்டிலைப் பார்த்துல்லா சொல்லியிருக்கான். அத்தனை சனிக்கிழமையும் எனக்காக மண்ணைத் தின்னிருக்கானே. நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேனே...

உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 20

வயிற்றில் குழாய் போட்டுவிட்டார்கள். இனி வாய்வழி ஒன்றும் கிடையாது.

அக்டோபர் 4, சனி

எப்போதோ சொல்லிவைத்த பார்சல் இன்று வந்து தொலைத்தது. பீரால் கழுவிக் கழுவிப் பதமாக்கும் சீஸாம். தூக்கி எறியத்தான் நினைத்தேன். அதற்குள் கிளாடிஸ் போன். பார்சல் வந்ததைச் சொன்னேன். “கொண்டுவாங்க அண்ணாச்சி. சனிக்கிழமைன்னு வாசலைப் பாத்துக்கிட்டே கெடக்காங்க.”

பீருக்கு அவளே கண்ணாடி டம்ளர் எடுத்து வைத்தாள். ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை. பெர்சி சீஸைக் காட்டினான், என் வாயைக் காட்டினான். பிறகு குழறலாக, “ருசியை நீ சொல்லு ல” என்றான்.

தின்றேன். துப்பாமல் விழுங்கினேன். “மொதல்ல சாக்கடை நாத்தம் ல. மெல்ல மெல்லப் பால் காய்ச்சி அடிப்பிடிச்ச மாதிரி வருது. பீர் குடிச்சா கசப்பு ஏறி, அந்த நாத்தம் எங்கன போச்சுன்னு தெரியலை.” அவன் கண்ணை மூடிக் கேட்டான். தாடை லேசாக அசைந்தது. கிளாடிஸ் அவன் கடைவாயைத் துடைத்துவிட்டாள்.

“உனக்குப் பிடிச்சிருக்கா?” என்று பெர்சி குழறினான்.

குமட்டிக்கொண்டு வந்தது. “ரொம்பப் பிடிச்சிருக்கு ல” என்றேன்.

என் முகத்தையே பார்த்தான். சிரித்தான். நம்பவில்லை. விரலால் இன்னொரு துண்டைக் காட்டினான்.

தின்றேன்.